சங்கரன்கோயில் வட்டாரமும் பழைய இசைத்தட்டுக் கருவிகளும்

சங்கரன்கோயிலை அடுத்த சென்னிகுளத்திற் பிறந்த காவடிச்சிந்துப் புலவர் அண்ணாமலை ரெட்டியார் 1891-இல் மறைந்தார். அவர்தம் சிந்து நூலிலும் மக்கள் நாவிலும் நின்றது, குரல் நிற்கவில்லை. எடிசன் 1877-இலேயே போனோகிராபு கண்டிருந்தும், கிராமபோன் கம்பெனியினர் கல்கத்தாவிற்கு வந்து பதிவு தொடங்கியது 1902-இல்தான். இவ்வூருக்குத் தென்மேற்கே செங்கோட்டையிற் பிறந்த கிட்டப்பாவோ, 1933-இல் இளமையிலேயே மறைந்தும், இன்றும் பாடக் கேட்கின்றோம். அவர் பேசும்படங்களில் நடித்தாரல்லர். ஆதலின் அக்குரலுக்கு இசைத்தட்டே சான்று. தட்டு சான்றாயின், அதனை ஒலிப்பித்த கருவியும் சான்றின் பகுதியே என்பது நம் கருத்து.

கருவியமைப்பு நாட்டுக்கு நாடு வேறுபட்டது. அமெரிக்க விக்டர் கம்பெனி 1906-இல் குழலைப் பெட்டிக்குள் மறைத்து, 'விக்ட்ரோலா' என்னும் பெயரால் அதனைக் கூடத்துக்கு அணியாக்கியது. 1912-இல் எடிசன் வெளியிட்ட தட்டுக் கருவி வைரமுனை உடையது. பிரெஞ்சுப் பாத்தே கருவியின் முனையோ நீலக்கல் உருண்டை. இவ்விரண்டிலும் முனை மேலுங்கீழுமாக அசையும். பிறவற்றிற் பக்கவாட்டில் அசையும். எடிசன் தட்டின்மேல் எஃகூசியை வைப்பின் வரிப்பள்ளம் சிதையும். இவ்வேறுபாடு நமக்குப் புறம்பானதன்று. கல்கத்தாவில் எச். போஸ் உருளையிற் பதிந்தவை பின்னர்ப் பாத்தே தட்டுகளாகவும் வந்தன.

'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' கைப்பெட்டியைத் தொகுப்போர் பெரிதும் மதிப்பதில்லை. 1931-இல் வெளிவந்த அதன் 102-ஆம் மாதிரியில் குழல் பெட்டியடியில் மடங்கிக் கிடக்கும். மின்சாரம் வேண்டா, கைப்பிடியால் வில்லை முறுக்கினால் போதும். பத்தங்குலத் தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று மணித்துளி பாடும். ஆலாபனை அதற்குள் சுருங்கித் தீரவேண்டும். சிந்து எளிதில் அடங்கும்.

சுருதியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கிட்டப்பாவின் உச்சக்குரலைப் புகழாதார் இலர். ஆயின், தட்டு நூற்றுக்கு ஆறு பங்கு விரைந்து சுழன்றால் சுருதி அரைக்கட்டை உயர்ந்துவிடும். பழந்தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்று என்னும் கணக்கிற் பதிந்தனவுமல்ல. வேகத்தைக் குறியாமல் 'இத்தனை கட்டை' என எழுதும் கட்டுரைகளை நாம் ஐயத்துடனேயே படிக்க வேண்டியுள்ளது.

இன்று சந்தையில் விலைபோவது பளபளக்கும் பித்தளைக் குழலே. எண்கோணப் புதுப்பெட்டியில் மெல்லிய பித்தளைக் குழலை மாட்டி, நாய்ச்சின்னத்தை ஒட்டி, 'பழங்கருவி' என விற்கின்றனர். அவற்றுட் பலவற்றின் பொறி பழைய கைப்பெட்டியினின்று பெயர்க்கப்பட்டது. போலி ஒன்று பிறக்க, மெய்க்கருவி ஒன்று அழிகின்றது! மலைக்கு அப்பால், கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில், கருவியையும் தட்டையும் ஒருங்கே காக்கும் தனியார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பெற்றது.

சங்கரன்கோயில்ப் பக்கத்துப் பழைய இல்லங்களிற் கைப்பெட்டி காணும் ஆய்வு மாணவர், அதனைத் துடைத்து மெருகேற்றுமுன், மாதிரி எண்ணையும், சுழல்வேகத்தையும், உடனிருந்த தட்டுகளின் எண்களையும், அவை அடுக்கப்பட்டிருந்த வரிசையையும் குறித்துக்கொள்க.