மஞ்சள் கடவுச்சீட்டு

சிறுவர்களுக்கென எடுக்கப்படும் கார்ட்டூன் படங்களில், பெரியோர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய காட்சிகள் சிலவேளை அமைந்துவிடுகின்றன. ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி பேட் கைஸ் 2’ அத்தகையது. 2022-இல் வந்த முதற் படத்தில் கொள்ளைக் கூட்டமாய் இருந்த ஓநாயும் அதன் தோழர்களும் திருந்திவிட்டனர். திருந்திய பின் என்ன செய்வது என்பதே இரண்டாம் படத்தின் சிக்கல். ஓநாயார் வேலை கேட்டு ஒரு வங்கிக்குச் செல்கிறார். அதுவோ அவரே முன்னர் கொள்ளையிட்ட வங்கி! பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் வேலை கிடைக்காத அந்த நாள்களில்தான் பழைய தொழில் அவர்களை மீண்டும் வந்து வளைத்துக்கொள்கிறது.

இக்கதைக்கு வரலாற்றில் ஒரு மூதாதை உண்டு. யூஜின் பிரான்சுவா விடோக் 1775-இல் பிரான்சின் அராஸ் நகரில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் கல்லாப்பெட்டியே அவரது முதற் களவுக்களம். பின்னர் பத்திரம் புனைந்த வழக்கில் எட்டு ஆண்டுக் கடுந்தண்டனை பெற்றார். பிரெஸ்ட், தூலோன் துறைமுகங்களின் தண்டனைக் கூடங்களில் சங்கிலியோடு கிடந்து, இரண்டிலிருந்தும் தப்பினார். தப்பியவருக்கு நிம்மதி இல்லை. நேர்மையாய்க் கடை வைத்துப் பிழைக்க முயன்றாலும், பழைய கூட்டாளி எவனாவது அடையாளம் கண்டு பணம் பறிப்பான். இறுதியில் 1809-இல் மீண்டும் பிடிபட்டு, காவல்துறைக்கு உளவு சொல்லத் தாமே முன்வந்தார்.

பாம்பின் கால் பாம்பறியும் என்பர் நம் முன்னோர். பாரிஸ் காவல்துறை அதையே செய்து பார்த்தது. சிறைக்குள் ஏறத்தாழ 21 மாதங்கள் உளவு பார்த்த விடோக் 1811-இல் வெளியே விடப்பட்டார். அவர் நான்கு ஆள்களுடன் தொடங்கிய ‘சுயர்த்தே’ எனும் துப்பறியும் படையை 1813-இல் நெப்போலியன் ஆணை பிறப்பித்து உறுதிப்படுத்தினார். படையினர் பலரும் முன்னாள் கைதிகளே. மாறுவேடம் பூணுதல், குற்றவாளிகளின் அங்க அடையாளங்களைக் குறித்துத் தொகுத்து வைத்தல் ஆகியவற்றை விடோக் ஒழுங்கான முறையாக்கினார். இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவருக்கு அரச மன்னிப்பு கிடைத்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். அதுவரை, கள்வரைப் பிடித்துக்கொடுத்த அந்தத் தலைவர் சட்டத்தின் ஏட்டில் தண்டனைக் கைதியாகவே இருந்தார். அவரைப் புனிதராக்க நாம் முனையவில்லை; அவர் பெயரில் 1828-இல் வெளியான நினைவுக்குறிப்புகளில் மிகைப்படுத்தல் மிகுதி. ஆயினும் உழைப்பை ஏற்றுக்கொண்டு பெயரை மட்டும் ஏற்க மறுக்கும் வழக்கம் மன்னருக்கு மட்டும் உரியதன்று.

1827-இல் பதவி விலகிய விடோக், பாரிசை அடுத்த சேன்-மாந்தே என்னும் ஊரில் காகித ஆலை ஒன்றை நிறுவினார். அவரது காவல் பணியைவிட இந்த ஆலையே நம் சிந்தைக்கு உரியது எனத் தோன்றுகிறது. சிறை மீண்ட ஆண்களையும் பெண்களையுமே அதில் பணிக்கு அமர்த்தினார். ஊரார் முகம் சுளித்தனர். தொழில் பழகாதவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் செலவு ஏறியது. வாங்க வந்தவர்களோ, கைதிகள் செய்த காகிதத்துக்குச் சந்தை விலை எதற்கு என்று கேட்டனர். சில ஆண்டுகளில் ஆலை நொடித்தது. நம் பங்குகளிலும் சிறையிலிருந்து மீண்டு வருவோர் உண்டு. ஊதாரி மைந்தன் உவமைக்கு மனம் உருகும் நாம், அத்தகைய ஒருவரிடம் கடைச்சாவியைக் கொடுப்போமா?

அந்நாளில் விடுதலையான தண்டனைக் கைதி மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு ஒன்றைச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. ஊர்தோறும் அதை அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். 1806-இல் பியேர் மொரேன் என்பவர் இச்சீட்டோடு தீஞ் நகருக்கு வந்தாராம். ரொட்டி திருடியதற்காக ஐந்தாண்டு தண்டனை அனுபவித்தவர் அவர். விடுதிகள் கதவடைக்க, அந்நகர ஆயர் மியோலி அவருக்கு உணவும் படுக்கையும் அளித்ததோடு, படைத்தளபதியாயிருந்த தம் சகோதரரிடம் பணிக்கும் அனுப்பினார் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. ஆயர் உபதேசத்தோடு நின்றுவிடாமல் வேலைக்கும் வழி செய்தார் என்பதை அடிக்கோடிட விழைகிறோம்.

இந்த ஆயரின் வாழ்விலிருந்தும் விடோக்கின் வாழ்விலிருந்தும் இழைகளை எடுத்தே விக்தர் ஹூகோ தம் பெருநாவலை நெய்து 1862-இல் வெளியிட்டார். சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கினார். 1950-இல் அது அதே பெயரில் திரைப்படமாகவும் வந்தது. விந்தை என்னவெனில், அதில் கைதியைத் துரத்தும் அதிகாரியாக நடித்தவருக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. சீதாராமன் இறுதிவரை ‘ஜாவர்’ சீதாராமனாகவே அறியப்பட்டார்.

விடோக் 1832-இல் காவல்துறைக்குத் திரும்பி, அதே ஆண்டில் மீண்டும் விலகினார். அவருக்குப் பின் படை திருத்தியமைக்கப்பட்டபோது முன்னாள் கைதிகள் நீக்கப்பட்டனர். 1833-இல் அவர் தனியார் துப்பறியும் நிலையம் ஒன்றைத் திறந்து, மீண்டும் முன்னாள் கைதிகளையே சேர்த்துக்கொண்டார். கைதிகள் செய்த காகிதத்துக்கு உரிய விலை தர மறுத்த வணிக உலகம், மோசடிக்காரரிடமிருந்து தன்னைக் காக்கும்படி இம்முறை அவர்களிடமே சந்தா கட்டியது.