பஞ்ச பாண்டவர் படுக்கை

மாணவ நண்பர்களே, மதுரையைச் சூழ்ந்த குன்றுகளைக் காணச் செல்வோர்க்கு நான் கூறும் முதல் அறிவுரை இது: நூலில் கற்ற பெயர்களைச் சிறிது நேரம் மறந்துவிடுங்கள். மதுரைக்கு மேற்கேயுள்ள கீழக்குயில்குடியில், "தீர்த்தங்கரர் சிற்பம் எங்கே?" என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. "செட்டிப்பொடவு எங்கே, ஐயா?" என்று கேளுங்கள், உடனே வழி காட்டுவர். பொடவு என்பது குகை. அங்கு வீற்றிருக்கும் மகாவீரரின் நீண்ட காதுகளைக் கண்ட மக்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டனர்!

இவ்வாறே, பாறையில் வெட்டிய பழைய கற்படுக்கைகள் பல ஊர்களில் 'பஞ்ச பாண்டவர் படுக்கை' என்றே வழங்குகின்றன. கீழவளவிலுள்ள குன்றுக்கும் பஞ்ச பாண்டவர் மலை என்றே பெயர். படுக்கைகளில் தங்கிய சமணத் துறவியர் மறைந்தனர். அவர்களைப் பற்றிய நினைவும் மங்கிற்று. ஆளில்லாக் குகையில் படுக்கை கிடப்பதைக் கண்ட பிற்கால மக்கள், காட்டில் வாழ்ந்த பாண்டவர்க்கு அதனை உரிமையாக்கினர். வரலாற்றின்படி இப்பெயர் பொருந்தாது. ஆயினும் ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட நல்ல கைகாட்டி வேறில்லை. இப்பெயர் வழங்கும் இடத்தில் தேடினால் கற்படுக்கையும், சில வேளைகளில் எழுத்தும் கிடைக்கும்.

மாங்குளத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள குகை எழுத்துக்களை 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். இத்தகைய குகை எழுத்துக்களின் மொழி தமிழே என்பதை 1924ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரைப் படித்துக் காட்டினார். அம்மன்னனின் பணியாளனாகிய கடலன் வழுதி, கணி நந்தன் என்னும் துறவிக்கு அமைத்த உறைவிடம் அது. காலம் ஏறத்தாழ கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. இச்செய்தியை ஊரார் கதை சொல்லவில்லை, கல் சொல்லிற்று. இடத்தை ஊரார் காட்டுவர். காலத்தையும் பெயரையும் கல்லிடம் கேட்க வேண்டும். ஒன்றை நம்பி மற்றொன்றைக் கைவிடுதல் தகாது.

யாரிடம் கேட்பது? ஆடு மேய்ப்பவரிடமும், விறகு பொறுக்கும் பாட்டியிடமும் நான் கேட்பது வழக்கம். குன்றின் ஒவ்வொரு பொந்தும் சுனையும் அவர்கள் அறிந்தவை. அவர்கள் கூறும் கதையைக் கேட்டு நகைக்காதீர்கள். இடையில் திருத்தவும் முற்படாதீர்கள். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நாளை அச்சொல்லே ஒரு சான்றாகலாம்.

இவ்வறிவால் விளையும் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் பழந்தமிழ்க் கல்வெட்டும், பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும் உள்ளன. 2022இல் அவ்வூர் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்தபோது, சுற்றியுள்ள ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் அந்த ஏலம் கைவிடப்பட்டது. தம் குன்றின் சுனைகளையும் குகைகளையும் பெயர் சொல்லி அறிந்த மக்கள் அவர்கள்.

குன்று உடைந்தால் கல்வெட்டு போய்விடும். முதியோர் மறைந்தால் பெயர் போய்விடும். ஆதலால் இவ்விடுமுறையில் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து, சுற்றிலுமுள்ள பாறைகளுக்கும் மேடுகளுக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதத் தொடங்குங்கள்.