உங்கள் சளி மாதிரி எங்கே செல்கிறது? காசநோய் ஆய்வகங்களின் பாதுகாப்பு விதிகள்

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலை நேரக் காய்ச்சல், உடல் எடை குறைதல் ஆகிய அறிகுறிகள் உள்ளவர்களுக்குக் காசநோய் உள்ளதா என அறியச் சளிப் பரிசோதனை செய்யப்படுகிறது. மாமல்லபுரம், கோவளம், திருக்கழுக்குன்றம் போன்ற ஊர்களில் அளிக்கப்படும் மாதிரி, தேவைக்கேற்ப வேறு ஆய்வகத்திற்கும் அனுப்பப்படலாம். அப்போது நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. வழியிலோ ஆய்வகத்திலோ அந்த மாதிரியிலிருந்து பிறருக்கு நோய் பரவாதா? சில முடிவுகள் வர ஏன் பல வாரங்கள் ஆகின்றன?

ஆபத்து எந்த இடத்தில் உள்ளது?

காசநோய்க் கிருமி காற்றின் வழியே பரவுவது. மூடியிருக்கும் குப்பியால் ஆபத்து இல்லை. குப்பியைத் திறக்கும்போதும், மாதிரியைக் கலக்கும்போதும், கிருமியை வளர்க்கும்போதும் எழும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளே ஆபத்தானவை. ஆகவே, நோயின் பெயரோடு ஆய்வகத்தில் செய்யப்படும் பணியையும் கருத்தில் கொண்டே பாதுகாப்பு நிலை தீர்மானிக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் காசநோய் ஆய்வகப் பணிகளை மூன்று நிலைகளாகப் பிரித்துள்ளது.

• குறைந்த ஆபத்து: நுண்ணோக்கிப் பரிசோதனை, சிபிநாட், ட்ரூநாட் கருவிகளில் செய்யப்படும் மூலக்கூறு பரிசோதனை. நல்ல காற்றோட்டமும் முறையான பயிற்சியும் இருந்தால் சிறிய ஆய்வகத்திலும் செய்யலாம். மூலக்கூறு பரிசோதனையில் காசநோய் உள்ளதா என்பதும், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

• நடுத்தர ஆபத்து: கிருமியை வளர்ப்பதற்காகச் சளியைப் பக்குவப்படுத்துதல். இதனை உயிரிப் பாதுகாப்புப் பெட்டகத்திற்குள் மட்டுமே செய்ய வேண்டும்.

• மிகுந்த ஆபத்து: வளர்ந்த கிருமியைக் கொண்டு மருந்து எதிர்ப்பைச் சோதித்தல். இதற்குத் தனியறை தேவை. அறைக்குள் இருக்கும் காற்று பிற பகுதிகளுக்குச் செல்லாதவாறு காற்றழுத்தம் குறைத்து வைக்கப்படும். வெளியேறும் காற்று வடிகட்டப்படும்.

மூன்றாம் நிலை ஆய்வகங்கள் சிலவே உள்ளன. சென்னை சேத்துப்பட்டில் 1956 முதல் இயங்கிவரும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றுள் ஒன்று. காசநோய்க் கிருமி மெதுவாக வளரும் தன்மையுடையது. திரவ ஊடகத்தில் 'வளர்ச்சி இல்லை' என உறுதி செய்ய 42 நாள்கள் வரை காத்திருக்க வேண்டும். இத்தகைய முடிவு தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே, அலட்சியம் அன்று. அதுவரை மருத்துவர் தொடங்கிய சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

அரசு விதிகள் என்ன சொல்கின்றன?

• சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989இல் வெளியான விதிகள், ஆபத்தான நுண்ணுயிரிகளைக் கையாள்வதை ஒழுங்குபடுத்துகின்றன. இவ்விதிகளின்படி மாவட்ட அளவிலான குழுவுக்கு மாவட்ட ஆட்சியர் தலைவர் ஆவார்.

• மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் நுண்ணுயிரிகளை நான்கு ஆபத்துப் பிரிவுகளாக வகைப்படுத்துகின்றன. காசநோய்க் கிருமி மூன்றாம் பிரிவில் உள்ளது.

• உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016: ஆய்வகக் கழிவை அங்கேயே கிருமிநீக்கம் செய்த பின்னரே வெளியே அனுப்ப வேண்டும். நுண்ணுயிரியல் கழிவு மஞ்சள் பையிலும், ஊசி போன்ற கூர்மையான பொருள்கள் துளைக்க இயலாத வெள்ளைப் பெட்டியிலும் சேர வேண்டும். ஆய்வகம் இதற்குத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற வேண்டும்.

• தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997: தனியார் ஆய்வகங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டும்படி நீங்கள் கேட்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

இவ்விதிகள் அனைத்தும் ஆய்வகத்தின் வாசலுக்கு உள்ளே செயல்படுபவை. அதற்கு முந்தைய பாதுகாப்பு உங்கள் கையில் உள்ளது.

1. வாயை வெறும் நீரால் கொப்பளித்த பின், ஆழமாக மூச்சிழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைச் சேகரிக்கவும். எச்சில் பயன்படாது.
2. திறந்த வெளியில், பிறரிடமிருந்து விலகி நின்று சேகரிக்கவும். கழிவறையிலோ மூடிய அறையிலோ சேகரிக்க வேண்டாம். பராமரிப்பாளர் எதிரே நிற்கக் கூடாது.
3. குப்பியின் வெளிப்புறத்தில் சளி படாமல் பார்த்து, மூடியை இறுக்கவும். பின்னர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.
4. பெயர் குப்பியின் பக்கவாட்டில் எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். மூடியில் மட்டும் எழுதினால் மாதிரி மாறிவிட வாய்ப்புண்டு.
5. வெயிலிலோ இருசக்கர வாகனத்தின் இருக்கைக்கு அடியிலோ வைக்காமல், அன்றைய தினமே ஒப்படைக்கவும்.
6. வேறு ஆய்வகத்திற்கு மாதிரியை நீங்களாகவே அஞ்சலிலோ பேருந்திலோ அனுப்ப வேண்டாம். மூன்றடுக்கு உறையிட்டு, குளிர்பெட்டியில் அனுப்புவது சுகாதாரப் பணியாளரின் பொறுப்பு.

மாதிரியை மீண்டும் கேட்டால்?

கசிந்த, பெயரில்லாத அல்லது எச்சில் மட்டுமே உள்ள மாதிரியை ஆய்வகம் ஏற்க மறுக்கலாம். அருள்கூர்ந்து மறுபடியும் கொடுங்கள். தவறான மாதிரியைச் சோதித்தால் மருந்து எதிர்ப்புக் காசநோய் கண்டறியப்படாமல் போகலாம். பலன் தராத மருந்தை நீங்கள் வாரக்கணக்கில் உட்கொள்ள நேரிடும். அக்காலத்தில் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தொற்று பரவக்கூடும்.

தனியார் ஆய்வகத்தில் கவனிக்க வேண்டியவை

இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்களைக் கொண்டு காசநோயை உறுதிசெய்யும் பரிசோதனைப் பொருள்கள் 2012இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. அத்தகைய பரிசோதனைக்கு உடன்பட வேண்டாம். மறைந்திருக்கும் தொற்றை அறிய மருத்துவர் பரிந்துரைக்கும் இக்ரா இரத்தப் பரிசோதனை இதிலிருந்து வேறுபட்டது. காசநோய் உறுதியானால் தனியார் ஆய்வகங்களும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். இதன் நோக்கம் உங்களுக்குச் சிகிச்சையும் உதவியும் கிடைக்கச் செய்வதே.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்துகளும் இலவசம். ஐயங்களுக்கு 104 அல்லது 1800 11 6666 என்ற எண்ணை அழைக்கலாம்.