ஈயக்குடம்

எங்க அம்மாச்சி ராமநாதபுரம் சீமையில் பிறந்து மேலூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள். 1960களின் கடைசியில், அறுப்புக்கூலியை மிச்சம் பிடித்து மதுரைக்குப் போய் ஒரு ஈயக்குடம் வாங்கினாள். அதுவரை மண்பானைதான். எங்கள் பக்கம் அலுமினியத்துக்கு ஈயம் என்றுதான் பேர். "பித்தளைன்னா தெருவுல மறிச்சிருப்பாய்ங்க. ஈயந்தானேன்னு விட்டுட்டாய்ங்க" என்பாள்.

இதைக் கிழவி சொன்ன கதை என்று தள்ளிவிட முடியாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931இல் அவை பதினொன்றாயின. ஜே.எச். ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். செம்பும் பித்தளையும் கூடாது. சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான். பிள்ளைகள் படிக்கக் கூடாது. ஒரு குடத்தைக்கூடச் சாதி விட்டுவைக்கவில்லை. அலுமினியம் மலிவு; மலிவானது என்பதாலேயே அது சேரிக்குள் நுழைந்தது.

சரி, அந்த உலோகம் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் அதைத் தாதுவிலிருந்து உருக்கியெடுத்த ஆலை மேட்டூரில் இருந்தது. மால்கோ என்ற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1960இல் பதிவாகி, இத்தாலியின் மாண்டிகாட்டினி நிறுவனத்தின் கூட்டுறவோடு 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. பாக்சைட் பக்கத்திலேயே கிடைத்தது: ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும்.

ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய நாலு டன் பாக்சைட் வேண்டும். அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அலுமினா எடுப்பார்கள், மிஞ்சுவது செஞ்சேறு. அலுமினாவைச் சுமார் 950 டிகிரி சூட்டில் உருகிய கிரையோலைட்டில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் அடியில் தங்கும். இதற்கு டன்னுக்குச் சுமார் 15,000 யூனிட் போகும். மாதம் 50 யூனிட் எரிக்கிற ஒரு குடிசைக்கு அது 25 வருச வெளிச்சம்.

ஆகவே இந்தத் தொழிலின் உயிர் மின்சாரத்தில் இருந்தது. அது போதாமல், கட்டுப்படியாகாமல் 1991இல் ஆலை மூடப்பட்டது. 1995இல் ஸ்டெர்லைட் வாங்கித் திறந்தது. 1999இல் சொந்த அனல்மின் நிலையம் வந்தது. 2008இல் அலுமினிய உருக்கு நின்றது. அதன் பிறகும் அனல்மின் நிலையம் ஓடியது, மின்சாரத்தை வெளியே விற்பதற்காக. உலோகத்தைவிட மின்சாரம் நல்ல சரக்காகிவிட்டது.

ஆலை ஒரு வட்டாரத்துக்குச் சோறு போட்டதை மறுக்கவில்லை. சம்பளம், லாரி வாடகை, டீக்கடை, சந்தை எல்லாம் அதைச் சுற்றித்தான். மூடியபோது இவை அத்தனையும் சேர்ந்து படுத்தன. ஆனால் 'வட்டார வளர்ச்சி' என்று எழுதுகிறவர்கள் ஒரு கணக்கை எழுதுவதில்லை. மலை மேல் குடியிருந்தவர்கள் மலையாளிப் பழங்குடிகள். மலையை வெட்டினால் போவது அவர்களுடைய மண், ஓடை. தனியார் ஆலையில் இடஒதுக்கீட்டுக்குச் சட்டமில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நிரந்தர வேலை யாருக்கு, ஒப்பந்தக் கூலி யாருக்கு, உலைச் சூட்டில் நின்றது யார் என்று சாதிவாரியாக எந்த ஆண்டறிக்கையும் சொல்லப்போவதில்லை. டன் கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கும்.

அம்மாச்சியின் குடம் எனக்குப் பெருமைதான். வைக்கோல் சும்மாட்டிலிருந்து அது அவளைத் தூக்கிவிட்டது. அதற்காக ஏற்காட்டையும் கொல்லிமலையையும் நான் மறந்துவிட முடியாது. நமக்குக் கிடைத்த ஒரு சிறு விடுதலைக்கு இன்னொரு ஒடுக்கப்பட்ட சனம் விலை கொடுத்திருக்கிறது. இதைப் பேசாமல் பழங்குடிகளோடு தோழமை பேசுவது வெறும் மேடைப்பேச்சு.

குடம் ஒடுங்கி, ஓட்டை விழுந்து, கடைசியில் பேரீச்சம்பழக்காரனிடம் போனது. பழைய அலுமினியத்தை உருக்கப் புதுசுக்கு ஆவதில் இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். அந்தக் குடம் இன்னும் எங்கேயோ எதுவாகவோ இருக்கும். மேட்டூரில் வேலை பார்த்த நம் ஆட்களும் இருக்கிறார்கள், மலையில் நிலம் இழந்தவர்களும் இருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் உட்காருங்கள். ஹட்டன் எழுதிவைத்ததால்தான் 1931 நமக்குத் தெரிகிறது. 1965ஐ எழுத வெள்ளைக்காரன் வரமாட்டான்.