வராமற்போன நோயாளிகள்

கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனைகள் நிரம்பி வழியும் என்பதே நம் எண்ணம். 2020 மார்ச்சில் இங்கிலாந்தின் கொரோனாப் பிரிவுகள் அப்படித்தான் இருந்தன. ஆனால் அதே மருத்துவமனைகளின் இதய நோய்ப் பிரிவுகளுக்கு வருவோர் தொகை வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே போயிற்று.

2019இல் மாரடைப்பு முதலிய கடும் இதயத் தமனி நோய்களுக்காக அங்கே மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 3,017 பேர். 2020 மார்ச் இறுதியில் இது 1,813 ஆயிற்று. நூற்றுக்கு 40 பேர் குறைவு! இந்த இறக்கம் மார்ச் 23இல் ஊரடங்கு வருவதற்கு முன்பே, பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிட்டது.

சோதனைக்கூடத்தில் மீட்டர் முள் இறங்கினால், மின்னோட்டம்தான் குறைந்ததா அல்லது கம்பி கழன்றுவிட்டதா என்று முதலில் பார்ப்போம். இங்கும் அதே கேள்விதான். அலுவலக ஓட்டம் இல்லை, சாலையில் புகை இல்லை. ஆகவே மாரடைப்பே குறைந்துவிட்டது என்று சிலர் கருதினர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

மாரடைப்பில் இருவகை உண்டு. தமனி முழுவதும் அடைபட்டால் வலி பெரும்பாலும் தாங்க முடியாததாக இருக்கும். ஓரளவே அடைபட்டால் வலி விட்டுவிட்டு வரும். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்பவர்களும் உண்டு. முதல்வகை நோயாளிகளின் வருகை ஏறத்தாழக் கால் பங்கே குறைந்தது. இரண்டாம் வகையிலோ வாரத்துக்கு 1,267 பேர் என்றிருந்தது 733 ஆகி, 42 விழுக்காடு குறைந்தது. நோயே குறைந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருக்க வேண்டுமல்லவா? வலியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

தொற்றிக்கொள்ளுமோ என்ற அச்சம் ஒரு காரணம். வீட்டிலேயே இருங்கள் என்று அரசு இடைவிடாமல் சொன்னது மற்றொன்று. இந்த நேரத்தில் டாக்டர்களுக்கு நாமும் ஒரு பாரமா என்ற நல்லெண்ணமும் சேர்ந்துகொண்டது. ஆனால் தமனி முழுவதும் அடைபட்டால் அரைமணி நேரத்துக்குள்ளாகவே இதயத் தசை சாகத் தொடங்கிவிடும். அது நல்லெண்ணத்தை அறியாது.

வீட்டில் நடந்தது என்ன? இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியில், லோடி, கிரெமோனா, பாவியா, மாந்துவா ஆகிய நான்கு மாவட்டங்களில் இதை எண்ணிப் பார்த்தார்கள். 2020 பிப்ரவரி 21 தொடங்கி 40 நாட்களில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்கள் 362 பேர். முந்திய ஆண்டில் இதே நாட்களில் 229 பேர். கூடுதலான 133 பேரையும் அச்சத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அவ்வாண்டின் 362 பேரில் 103 பேருக்குக் கொரோனா இருந்தது, அல்லது இருந்ததாக ஐயப்பட்டனர். அவர்களைக் கழித்தாலும் எண்ணிக்கை முந்திய ஆண்டைவிட அதிகமே.

ஏப்ரல் இறுதியில் இங்கிலாந்தின் மருத்துவத் துறை, அவசர நோயென்றால் தயங்காமல் வாருங்கள் என்று விளம்பரம் செய்ய நேர்ந்தது. மே கடைசி வாரத்தில் இதய நோயாளிகள் 2,522 பேர் வந்தனர். அப்போதும் பழைய அளவுக்கு 16 விழுக்காடு குறைவுதான்.

இதயம் மட்டுமன்று, காசநோயிலும் இதே கதைதான். இம்முறை நம் நாட்டில். இந்தியாவில் 2019இல் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம் பேர். 2020இல் 18 லட்சம் பேரே. முகக்கவசத்தால் தொற்று சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனால் இக்கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்படப் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள்கூட ஆகும். ஆகையால் ஒரே ஆண்டில் ஆறு லட்சம் நோயாளிகள் இல்லாமற்போக வழியில்லை. இருமினாலே அக்கம்பக்கத்தார் விலகி நின்ற காலம் அது, பேருந்தும் ஓடவில்லை. 2022இல் பதிவு மீண்டும் 24 லட்சத்தைத் தாண்டியது. அதற்குள் சிகிச்சையின்றிக் கழிந்த மாதங்களில், அவர்களில் பலர் வீட்டாரின் நடுவே இருமிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.