வெண்மணிப் பாட்டா, குளப்பாடிப் பாட்டா?

2016 டிசம்பர் 1 அன்று கவிஞர் இன்குலாப் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்தது: ‘மனுசங்கடா’ பாடல் கீழ்வெண்மணிப் படுகொலையின் எதிர்வினை. இன்குலாப் இராயப்பேட்டை புதுக்கல்லூரித் தமிழாசிரியர், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நின்றவர், பிறகு இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர். கே.ஏ. குணசேகரனின் குரல் அந்தப் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்திவிட்டதாலேயே பாடலை யாரும் கடைசிவரை படித்துப் பார்க்கவில்லையோ என்று தோன்றுகிறது.

வெண்மணிக் கட்சிக்கு வலுவான சான்று உண்டு. பாடலில் தீ இருக்கிறது. அந்தத் தீக்கு அரசும் நீதிமன்றமும் துணைபோனதாக ஒரு சாடலும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் இராமையா என்பவரின் குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நிலக்கிழார்களுக்கு நாகப்பட்டினத்தில் கிடைத்த பத்தாண்டுத் தண்டனையை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது. சாடல் இந்தத் தீர்ப்பைத்தான் குறிக்கிறது என்று ஒப்புக்கொண்டால், பாடல் 1973க்கு முன்னால் போகாது. உடனடி எதிர்வினை என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுவிடுகிறது.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒரு கிணறு. பாடல் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஊர் வெண்மணி அல்ல, குளப்பாடி. கிணற்றில் குளிக்க இறங்கிய தலித் சிறுவர்கள் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்ட ஊர் அது. வெண்மணிக்குப் பிந்திய கொடுமை. நெருப்பின் வேலையைத் தண்ணீரே செய்துவிட்டதாகப் பாடல் முறையிடும்போது, அது உவமையன்று, நடந்த சங்கதி. வெண்மணியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு இந்த இடம் வெறும் அலங்காரமாகக் கடந்துபோகும்.

மேடைப் பாட்டு வளரும். கிணறு பிற்சேர்க்கையாக இருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கிணற்றைச் சொன்ன கையோடு, சட்டம் நிலவுடைமையாளரை விட்டுவைத்ததைப் பாடல் கேள்விக்குள்ளாக்குகிறது. நீதிமன்றச் சாடலும் இதுவும் ஒரே வழக்குரை. ஒட்டுப்போட்ட அடிகள் இவ்வளவு இயல்பாக உட்காருவது அரிது. எனவே வெண்மணி பாடலின் நினைவு, குளப்பாடி அதன் உடனடித் தூண்டுதல் என்று வாசிப்பதே பொருத்தம். இரண்டு கட்டங்களில் எழுதப்பட்டிருக்கும் வாய்ப்பை உள்சான்று மட்டுமே கொண்டு அடியோடு மறுக்க முடியாது என்பதும் உண்மை.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. பில்லி ஹாலிடே 1939இல் பதிவுசெய்த ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலை ஏபல் மீரோபோல் எழுதத் தூண்டியது 1930இல் இந்தியானா மாநிலம் மேரியனில் இரு கறுப்பின இளைஞர்கள் அடித்துத் தூக்கிலிடப்பட்ட புகைப்படம் என்பார்கள். மேரியன் இருப்பது வடக்கில்; பாடலோ தெற்கைப் பாடுகிறது. நீனா சிமோனின் ‘மிசிசிப்பி காடம்’ (1964) நேர்மாறு: மெட்கர் எவர்ஸ் கொலைக்கும் பர்மிங்காம் தேவாலயக் குண்டுவெடிப்புக்கும் பிறகு, மாநிலங்களைப் பெயர் சொல்லியே சாடியது. இன்குலாப் இந்த இரண்டாம் வகை. அவரை முதல் வகையில் தள்ளி, பெயர் சொல்லப்பட்ட ஊரையே நாம் மறைத்துவிட்டோம்.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலுக்கு (1975) இந்தக் குழப்பம் இல்லை. அதன் களம் வெண்மணிதான். அங்கே சண்டை வேறு. கூலிப் போராட்டத்தை நிலக்கிழாரின் பாலியல் குறையாகச் சுருக்கிவிட்டது என்ற குற்றச்சாட்டு, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பிறகும் ஓயவில்லை.

‘மனுசங்கடா’வின் ஊர் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது. இயக்குநர் அம்ஷன் குமார் 2017இல் தன் திரைப்படத்துக்கு இந்தத் தலைப்பை எடுத்தது தீயைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ சொல்ல அல்ல. தந்தையின் உடலைப் பொதுப்பாதை வழியே கொண்டுசெல்ல நீதிமன்றப் படியேறும் ஒரு தலித் இளைஞனின் கதைக்காக.