சுல்தானாவின் அமெரிக்கப் பயணம்

1840-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், செங்கொடி பறக்கும் பாய்க்கப்பல் ஒன்று நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. தலைப்பாகையும் நீளங்கியும் அணிந்த அதன் மாலுமிகளைக் காண நகரத்து மக்கள் கரையில் திரண்டனர். அக்கப்பலின் பெயர் சுல்தானா.

அது ஓமானையும் சான்சிபாரையும் ஆண்ட சையிது சயீது பின் சுல்தானின் போர்க்கப்பல். 1833-இல் பம்பாயில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 300 டன் கொள்ளளவும் 14 பீரங்கிகளும் உடைய சிறு கலமே. இங்கிலாந்து மன்னருக்கு அவர் அன்பளிப்பாக வழங்கிய 74 பீரங்கிக் கப்பலின் அருகே இது ஒரு தோணி போலத்தான் தோன்றியிருக்கும். போரில்லாக் காலத்தில் சுல்தானின் போர்க்கப்பல்கள் சரக்கேற்றிச் செல்வது அன்றைய வழக்கம்.

1833-இல் அமெரிக்காவோடு சுல்தான் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையின் பயனாகவே இப்பயணம் வாய்த்தது. தூதராக வந்தவர் அஹ்மத் பின் நுஃமான். பேரீத்தம்பழம், மோக்கா காப்பிக் கொட்டை, பாரசீகக் கம்பளம், யானைத் தந்தம், கிராம்பு ஆகியன சரக்கு. குடியரசுத் தலைவர் வான் பியூரனுக்கு இரு அரபுக் குதிரைகள், முத்துக்கள், காஷ்மீர்ச் சால்வைகள், ரோஜா அத்தர், பொன் வேய்ந்த வாள் ஆகியவை தனியே வந்திருந்தன.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. அயல்நாட்டு அரசரிடம் பரிசு பெறுவதை அந்நாட்டு அரசியல் சட்டம் தடுக்கிறது. தலைவர் மறுத்தார், திருப்பி அனுப்பினால் சுல்தான் மனம் நோவாரே! இறுதியில் காங்கிரஸ் சபை, நாட்டின் பெயரால் அவற்றை ஏற்க இசைந்தது. குதிரைகள் முதலியன விற்கப்பட்டுப் பணம் கருவூலம் சேர்ந்தது. பதில் மரியாதையாக, கடலில் நைந்துபோயிருந்த சுல்தானாவை அமெரிக்கக் கடற்படைத் தளத்திலேயே, அரசின் செலவில் செப்பனிட்டுக் கொடுத்தனர்.

அமெரிக்கா சென்ற முதல் அரபுத் தூதர் இவரே என்று நம்மவர் சிலர் பெருமையோடு எழுதுவதுண்டு. அது சரியன்று, துனீசியாவின் தூதர் ஒருவர் 1805-லேயே வாஷிங்டன் சென்றிருக்கிறார். இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை நமக்கில்லை. இன்னொன்றையும் நாம் மறைக்கலாகாது. அக்கப்பல் சுமந்த கிராம்பு, சான்சிபார்த் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. அடிமையை விடுதலை செய்வதை நற்செயலாகப் போற்றும் மார்க்கத்தவரே அவர்களை வாங்கவும் விற்கவும் செய்தனர். வாங்கவந்த அமெரிக்கரும் அடிமைகளை வைத்திருந்தவர்களே என்பதால் நம் வெட்கம் குறைந்துவிடாது.

ஆகஸ்டு மாதம் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்ட சுல்தானா, டிசம்பரில் சான்சிபார் திரும்பியது. நியூயார்க்கில் தங்கியிருந்தபோது மூனி என்ற ஓவியர் அஹ்மத் பின் நுஃமானைப் படமாகத் தீட்டினார். தலைப்பாகையும் அமைதியான பார்வையும் கொண்ட அவ்வுருவம் இன்றும் இருக்கிறது.